நூறு உளுந்து

கறுப்பு இன்னும் போகவில்லை. மணி ஒன்றே முக்கால். எட்டுக் கண்ணாடிக் குழாய்கள் நானூற்று இருபது டிகிரியில் நிற்கின்றன. ஆறில் அரை அரை கிராம் உளுந்து மாவு கந்தக அமிலத்தில் கருகித் தாராக நுரைத்துக்கொண்டிருக்கிறது, ஒப்பிட இரண்டில் வெறும் அமிலம். செசிலி ஸ்டூலை இழுத்துப் போட்டு, அமிலப் புகையை உறிஞ்சுகிற பெட்டியின் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருப்பதால் சீக்கிரம் ஆகிவிடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன, இந்தப் பயறு ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். முதலில் கறுப்பு, அப்புறம் காப்பிக் கலர், அப்புறம் தேன், கடைசியில் தெளிந்த பச்சை. பச்சை வந்துவிட்டால் மாவிலிருந்த புரதம் முழுக்க உடைந்து, அதிலிருந்த நைட்ரஜன் அமிலத்துக்குள் அடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை ஆவியாக்கி வடித்து, சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டு அளந்தால் இந்த உளுந்தில் இத்தனை சதவீதம் புரதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள். மூன்று குழாயில் பழைய ரகம். மூன்றில் நாற்பத்தேழு. வயலில் நாற்பத்தேழாவது வரிசையில் நின்ற செடி என்பதால் அந்தப் பெயர், இன்னும் சரியான பெயர் வைக்கவில்லை, நாலு மணிக்குக் கிளம்பும் ஜீப்பில் போகிற கோப்பு தலைமை அலுவலகத்தில் தேறிவிட்டால் வைத்துவிடுவார்கள். கோப்பின் பதினோராம் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். புரதம் இருபத்தொன்பது சதவீதம், பழைய ரகத்தை விட நாலு அதிகம், பகுப்பாய்வு செய்தவர் எஸ். செசிலி. காலையிலேயே போட்டிருக்கலாம். பேனா எழுதவில்லை என்று பொய் சொன்னாள்.

அந்தப் பாட்டில் மட்டும் கையில் கிடைக்காமல் இருந்திருந்தால். போன புதன்கிழமை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறார்கள் என்று அலமாரியைக் காலி பண்ணினாள். கீழ்த்தட்டில், காலாவதியான உப்புகளுக்குப் பின்னால், பழுப்பு நிறப் பாட்டில் ஒன்று தூசி மூடிக் கிடந்தது. அடியில் கால் பங்கு ஆசிட். அவள் கையெழுத்தில் லேபிள். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி, அதன் கீழே 0.1 என்று ஆசிட்டின் வலிமை, அதற்கும் கீழே காரணி என்று எழுதி ஒரு சமக்குறி, சமக்குறிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, யாரோ ஒரு சோம்பேறி விட்டுவைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது, சோம்பேறி நாமேதான் என்பது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அளவெடுக்கிற ஆசிட்டைக் கலந்ததும் அப்படியே எடுத்து ஊற்றிவிட முடியாது. உலர்த்திய சோடியம் கார்பனேட்டை வைத்து, இது உண்மையில் எவ்வளவு வலிமை என்று சோதித்து, அந்தக் காரணியை லேபிளில் எழுதிய பிறகுதான் பாட்டிலையே தொடலாம். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ரிஜிஸ்டரைப் புரட்டினாள். அதே தேதி. நாற்பத்தேழுக்கு முதன்முதலாக இருபத்தொன்பது வந்த நாள். மிச்சமிருந்த ஆசிட்டை அன்று மத்தியானமே யாருக்கும் தெரியாமல் சோதித்தாள். 0.1 இல்லை. 0.087. வலிமை குறைந்த ஆசிட் அதிகம் செலவாகும், புரதமும் அதிகமாகத் தெரியும்; இருபத்தொன்பதை அதனால் திருத்தினால் இருபத்தைந்து. பழைய ரகம். இரண்டும் ஒன்று. இல்லை, அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது, நாலு வருஷம் கிடந்த ஆசிட், மூடி இறுக்கமாக இருந்தது என்றாலும் என்ன ஆயிற்றோ, பாட்டிலை வைத்து விதைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா, விதையை வைத்துத்தான் விதையைச் சொல்ல வேண்டும். அதனால்தான் இன்று இந்த எட்டுக் குழாய். புது ஆசிட், காரணி மூன்று முறை பார்த்தது, பழையதும் புதியதும் ஒரே அடுப்பில் அக்கம்பக்கமாக. தாயே, நாற்பத்தேழு நிஜமாகவே நல்லதாக இருந்துவிடட்டும்.

காப்பிக் கலர் வருகிறது, ஓரத்தில். அன்று மட்டும் அப்படி என்ன அவசரம் வந்துவிட்டது? அன்று மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார், நிலையமே செருப்பைத் தேடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இளங்கீரன் சார், இந்த உளுந்தைப் பன்னிரண்டு வருஷமாக ஒட்டுச் சேர்த்துச் சேர்த்து வளர்த்த மனுஷர், வாசலில் நின்றுகொண்டு, "செசிலியம்மா, அஞ்சு மணிக்குள்ள நாப்பத்தேழு நம்பரு வேணும், பழசு நம்பருதான் ரிஜிஸ்டர்ல இருக்கே, அதைத் திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க" என்றார். பழையதையும் கூடவே போட்டிருந்தால் அதுவும் இருபத்தொன்பது காட்டியிருக்கும், அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். போடவில்லை. சோடியம் கார்பனேட்டை உலர்த்த வேண்டிய அடுப்பில் யாரோ விதை காயவைத்திருந்தார்கள். நாளைக்குச் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதுவரை பதினெட்டு வருஷத்தில் அவள் கலந்த ஆசிட் 0.099க்குக் கீழே போனதில்லை, 0.101க்கு மேலே ஏறியதில்லை, செசிலி 0.1 என்று எழுதினால் அது 0.1தான் என்று அவளே நம்பினாள், அந்தத் திமிர்தான். தண்ணீர் கலக்காத ஆசிட் இருந்த மூலப்பாட்டிலின் மூடியில் கீறல் விழுந்திருந்தது, ஆசிட் புகைந்து புகைந்து வீரியம் போயிருந்தது, அதை அவள் பார்க்கவில்லை. மறுநாள் புதிதாக வேறு பாட்டிலில் ஆசிட் கலந்தாள், ஒழுங்காகச் சோதித்தாள், ஒழுங்காகக் காரணி எழுதினாள், நேற்றைய எண் ஊர்வலம் போய்விட்டது என்பதை மறந்தே போனாள். இருபத்தொன்பது என்றதும் சார் அந்தப் பெரிய அதிகாரிக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆள் விட்டு எல்லாருக்கும் உளுந்து வடை வாங்கிவரச் சொன்னார். உலகத்திலேயே சத்தான உளுந்தைக் கண்டுபிடித்ததைப் பட்டாணி மாவு கலந்த வடை தின்று கொண்டாடினார்கள். அவள் இரண்டு தின்றாள்.

சரி, ஒரு நாள் தப்பு. மனுஷிதானே. அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்ததே, எங்கேயாவது ஒரு இடத்தில் அது தட்டுப்பட்டிருக்க வேண்டாமா என்று மனசு வக்காலத்து வாங்கப் பார்க்கிறது. தட்டுப்பட்டது. அதைத் தட்டிவிட்டவளும் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார்கள், ஒரு சம்பிரதாயத்துக்கு. இருபத்தைந்து புள்ளி ஆறு என்று தாள் வந்தது. சார் முகம் சுண்டிப்போய் அவளிடம் கொண்டுவந்து நீட்டினார். அவள் அதை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "பச்சை வர்றதுக்கு முந்தியே அடுப்புலேருந்து எறக்கியிருப்பாங்க சார், அரைவேக்காட்டுல எங்கே முழுசா வரும்" என்றாள். சார் சிரித்துவிட்டார். தாள் கோப்புக்குள்ளே கூடப் போகவில்லை. அரைவேக்காடு. யாரோ ஒருத்தி, அவளை மாதிரியே ஸ்டூலில் உட்கார்ந்து பச்சை வரும்வரை காத்திருந்து, ஒழுங்காக அளந்து, ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறாள். அவள் பெயர்கூடத் தாளில் இருந்திருக்கும். செசிலி பார்க்கவில்லை. அப்புறம் அந்த மெஷின். விதையை அரைக்க வேண்டாம், கருக்க வேண்டாம், மேலே வெளிச்சம் அடித்தால் போதும், புரதம் இத்தனை என்று திரையில் காட்டும். அது பிறந்ததும் ஒன்றும் தெரியாத குழந்தைதான், இந்த விதைக்கு இவ்வளவு, அந்த விதைக்கு அவ்வளவு என்று நாம் சொல்லிக்கொடுத்தால்தான் படிக்கும். சொல்லிக்கொடுத்தது அவள். ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு, பழைய ரகத்தைக் காட்டி இருபத்தைந்து, நாற்பத்தேழைக் காட்டி இருபத்தொன்பது. பழையதன் தோல் மங்கல், நாற்பத்தேழின் தோல் எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு. மெஷின் பளபளப்பைத்தான் புரதம் என்று படித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷமாக நாற்பத்தேழை வைத்தபோதெல்லாம் இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. பாருங்கள், மெஷினே சொல்கிறது என்றார்கள் எல்லாரும். அவள் குரலை அவளுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது அது.

கதவு திறந்தது. நாச்சம்மை. இளங்கீரன் சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண், இருபத்தெட்டு வயது, தோளில் எடைபார்க்கிற தராசுப் பை. மலைமேல் நாலு ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிற பாலர் மையங்களில் ஏழு மாதமாக நாற்பத்தேழு உளுந்துக் கஞ்சிதான் கொடுக்கிறார்கள், மாதம் ஒருமுறை போய்ப் பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நேற்று இறங்கியிருக்கிறாள். வெயிலில் முகம் கறுத்துக் கிடந்தது.

"என்னக்கா இன்னிக்கு அடுப்பெல்லாம் பத்த வச்சிருக்கீங்க. யாரு சாம்பிளு?"

"சும்மா. ரொட்டீனு" என்றாள் செசிலி. "நீ சாப்பிட்டியா?"

"பசிக்கலக்கா." பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாச்சம்மை சுவரில் சாய்ந்து நின்றாள். "இந்தத் தடவையும் ஏறலக்கா. எழுவது பிள்ளைல அம்பத்தி ரெண்டு அப்படியே நிக்கிது. ஒம்போது எறங்கிருக்கு. சார் என்னடான்னா வீட்டுல ராத்திரி சோறு போடறதில்ல, இங்க குடிக்கிறாங்கன்னு அங்க கொறைச்சிடறாங்க, அதை எழுதுங்கறாரு. எனக்கு என்ன எழுதன்னே தெரியல. கஞ்சி குடிச்சிட்டுக் கிண்ணத்தை நக்கிக்கிட்டு நிக்குதுக, பாத்தா சாப்புடாத பிள்ளைக மாதிரி இல்ல, பத்தாத பிள்ளைக மாதிரி இருக்குதுக." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அந்தக் கனிஷ்கா போயிருச்சுக்கா. போன மாசம் போட்டோ காட்டுனேன்ல, தராசுல உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னுச்சே. மூணு நாள் காய்ச்சலாம். ஒம்பதே முக்கால் கிலோதான் இருந்துச்சு."

செசிலி குழாயைப் பார்த்தாள். தேன் நிறம். நாச்சம்மை கொஞ்ச நேரம் படுத்தெழுந்து முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள், பை மேஜையிலேயே இருந்தது. காய்ச்சல். காய்ச்சலில் எத்தனையோ பிள்ளைகள் போகின்றன, நன்றாகத் தின்கிற வீட்டுப் பிள்ளைகள் கூடப் போகின்றன, மலையில் ஆஸ்பத்திரி எங்கே, ரோடு எங்கே, காய்ச்சலுக்கும் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம். ஆனால் ஒன்பதே முக்கால் கிலோ. மூன்று வயசு முடிந்த பிள்ளை. முதலில் ஒரு பிள்ளைக்கு முப்பத்தைந்து கிராம் உளுந்து என்றுதான் இருந்தது. நாற்பத்தேழில் புரதம் அதிகம் என்றதும் சார் கணக்குப் போட்டார், முப்பது போதும், அதே சத்து, மிச்சத்தில் இன்னும் பத்துப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றார். நல்ல எண்ணம்தான், யார் மேலும் குற்றமில்லை, அறுபது பிள்ளை எழுபது ஆயிற்று. மையத்து ஆயாக்களிடம் தராசு கிடையாது. அதனால் நாலு சின்னப் பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி, ஒவ்வொன்றிலும் முப்பது கிராம் உளுந்தை நிறுத்துப் போட்டுக் குலுக்கிச் சமன்படுத்தி, எதுவரை வருகிறதோ அங்கே அழியாத மையில் கோடு போட்டு அனுப்பினார்கள். போட்டவள் செசிலி. அவள் கைதான் நடுங்காது என்று சார் அவளிடம்தான் கொடுப்பார். மாதிரிக்கு என்று போட்ட ஐந்தாவது டம்ளர் அதோ ஜன்னலில் பேனாக்களைச் சுமந்துகொண்டு நிற்கிறது, நீலக் கோடு நேர்க்கோடாக, அளவு பிசகாமல்.

ஹாஸ்டலில் ரெஜினாம்மா என்று ஒருத்தி இருந்தாள். கன்னியர் மடத்து ஹாஸ்டல், செசிலிக்கு ஒன்பது வயது, வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றால் ரெஜினாம்மா கரண்டியை அண்டாவுக்குள் சாய்த்து விட்டுச் சாய்த்தே எடுப்பாள். கரண்டி ஒருநாளும் நிறைந்து வந்ததில்லை. பிள்ளைகள் யாரும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள், இன்றைக்காவது நிமிர்கிறதா என்று. நீ நரகத்துக்குப் போவாய் என்று செசிலி தினம் மனசுக்குள் சொல்வாள், சொல்லிவிட்டுக் குடிப்பாள். இப்போது யோசித்தால் ரெஜினாம்மா வேண்டுமென்று செய்திருக்க மாட்டாளோ, அண்டா சின்னது, பிள்ளைகள் அதிகம், அவளும் ஏதோ ஒரு கணக்குக்குத்தானே சாய்த்திருப்பாள். அவளுக்காவது தெரிந்திருந்தது, சாய்க்கிறோம் என்று தெரிந்து சாய்த்தாள். மலைமேல் இருக்கிற ஆயாவின் மணிக்கட்டை எந்தப் பிள்ளை பார்த்து என்ன புண்ணியம், அந்தக் கை நேராகத்தான் இருக்கும், கோடுவரை நிரப்பித்தான் போடும், சாய்ந்திருப்பது எண்பது கிலோமீட்டர் தள்ளி இங்கே. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். சாமியார் கம்பி வலைக்குப் பின்னால் இருமினார். ஒரு பாட்டிலில் காரணி எழுத மறந்துவிட்டேன் சுவாமி என்று எப்படிச் சொல்வது, அவர் என்ன பிராயச்சித்தம் கொடுப்பார். வேலைக்காரியிடம் எரிந்து விழுந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள்.

பச்சை. எட்டிலும் ஒரே மாதிரி, தெளிந்த, அழகான பச்சை. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழும், இன்று எழவில்லை. பச்சை வந்தபிறகும் அரை மணி விட்டாள், யாரும் அரைவேக்காடு என்று சொல்லிவிடக் கூடாது. அடுப்பை அணைத்துக் குழாய்களைத் தூக்கிக் குளிரவைத்தாள். குளிர இருபது நிமிஷம். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நாற்பத்தேழு டப்பாவைத் திறந்து தராசில் வெள்ளைத் தாளை வைத்து உளுந்தைக் கொட்டினாள். ஐந்து கிராம், முப்பத்தைந்திலிருந்து குறைத்த அந்த ஐந்து, வந்ததும் நிறுத்தினாள். ஐந்து கிராம் என்றால் வாயில் ஒன்றுமில்லை, கண்ணுக்கும் ஒன்றுமில்லை, ஐந்து என்று எழுதினால் ஒரு எழுத்து. எண்ணிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். நடுவில் முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா என்று தப்பிவிட, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நூறு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது, இவ்வளவு சரியாக வந்திருக்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நூறு உளுந்து. இருநூறு நாள். இருபதினாயிரம் உளுந்து, ஒரு கிலோ, கையில் தூக்கிப் பார்த்தால் கனக்கிற ஒரு பொட்டலம். அந்தப் பிள்ளைக்கு அது போயிருந்தால். போயிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கும். வந்திருக்கும், ஆனால். இந்த ஆனாலைத் தாண்டி மனசு போகவே மாட்டேன் என்கிறது, செக்குமாடு கணக்காக அங்கேயே வந்து நிற்கிறது. நூறையும் தாளோடு மடித்துப் பொட்டலமாக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதலில் பழைய ரகத்தை வடித்தாள். குழாயில் காரம் இறங்கியதும் பச்சை கலங்கிக் கறுத்தது, ஆவி ஏறியது, எதிர்ப்பக்கம் குடுவையில் இருந்த இளஞ்சிவப்புத் திரவம் மெல்லப் பச்சையாக மாறிற்று. ஏறியிறங்கி வருகிற அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. இனி ப்யூரெட். உயரமான கண்ணாடிக் குழல், அடியில் திருகு, திருகைத் திருப்பினால் ஆசிட் சொட்டும், பச்சைத் திரவம் எந்தச் சொட்டில் திரும்பச் சிவக்கிறதோ அந்த அளவைப் படித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தை. கணக்கை முன்னாலேயே போட்டுத் துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தாள். இருபத்தைந்து சதவீதம் என்றால் பதினாலரையில் சிவக்கும். இருபத்தொன்பது என்றால் பதினாறு புள்ளி எட்டுவரை பச்சையாகவே நிற்க வேண்டும். பழையது முதல் குடுவை பதினாலரை. இரண்டாவது பதினாலு புள்ளி நாலு. மூன்றாவது பதினாலரை. கை நடுங்கவில்லை. இப்போது நாற்பத்தேழு. பதினாறு புள்ளி எட்டு, பதினாறு புள்ளி எட்டு என்று உதடு முணுமுணுத்தது. ஜெபமாலை உருட்டினாலும் இத்தனை பக்தியோடு முணுமுணுத்திருக்க மாட்டாள். பத்து. பன்னிரண்டு. பதிமூன்று. பச்சை அசையவில்லை, நல்ல பச்சை, திடமான பச்சை. பதினாலு. குடுவையை இடக்கையால் சுழற்றிக்கொண்டே இருந்தாள். பதினாலு புள்ளி இரண்டு, மூன்று, நாலு. போ, தாண்டிப் போ. ஒரு சொட்டு. சிவந்தது. கன்னத்தில் ஒன்று விட்டால் எப்படிச் சிவக்குமோ அப்படி ஒரே சொட்டில். பதினாலரை.

ஒன்றுதானே. இன்னும் இரண்டு இருக்கிறது. குழாயில் எங்கேயாவது கசிந்திருக்கும். இரண்டாவது குடுவையை வைத்தாள். பதினாலு புள்ளி ஆறு. சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு, அந்தப் புள்ளி ஒன்றைக் கூடப் பிடித்துக்கொள்ளத் தோன்றியதே என்று. மூன்றாவதைப் பதினாலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திருகைப் பிடித்தபடி நின்றாள். மணி மூன்று நாற்பது. வெளியே டிரைவர் ஜீப்பைத் துடைக்கிற சத்தம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்தது. சிவந்தபிறகு எவ்வளவு ஊற்றினாலும் சிவப்புதான். பதினாலரையில் சிவந்த குடுவைக்கும் பதினாறு புள்ளி எட்டுவரை ஊற்றின குடுவைக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. திருகைத் திறந்து விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். மூன்று குடுவையும் சிவப்பாக மேஜையில் இருக்கும், நாச்சம்மை முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் ப்யூரெட் பதினாறு புள்ளி எட்டில் நிற்கும், இருபத்தொன்பது, கையெழுத்து, ஜீப். சாரின் பன்னிரண்டு வருஷம் நிற்கும், இந்தப் பெண்ணின் பட்டம் நிற்கும், செசிலியின் கை என்கிற பெயர் நிற்கும், அதில்லாமல் அவளிடம் வேறென்ன இருக்கிறது, பிள்ளை இல்லை, குட்டி இல்லை, இந்தக் கைதான். விரல் திருகை அழுத்தியது. ஆசிட் ஓடிற்று. ஒரு நொடி, இரண்டு நொடி. சிவந்துவிட்டது, அவள் பார்த்தாள், பதினாலரையில் சிவந்ததைப் பார்த்தாள், பார்த்தபிறகும் திருகு திறந்துதான் இருந்தது. பதினைந்து. பதினைந்தரை. நீலக் கோடு ஜன்னலில் நேராக நின்றது. தன் மணிக்கட்டு சாய்ந்திருப்பதை அவள் கண்டாள். திருகை மூடினாள்.

"எவ்வளவுக்கா வருது?" நாச்சம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து மேஜையைப் பார்த்தாள். டப்பாவின் மேல் 47 என்ற எண்ணைப் பார்த்தாள். "நம்ம சாம்பிளா?"

"இருவத்தஞ்சு" என்றாள் செசிலி. "பழசும் இருவத்தஞ்சு, இதும் இருவத்தஞ்சு. மூணாவது குடுவைய நான் கெடுத்துட்டேன், அதைக் கணக்குல எடுக்க வேணாம். நாலு வருசத்துக்கு முன்னாடி போட்டதுதான் தப்பு. ஆசிட்டைப் பாக்காம போட்டுட்டேன். எல்லாமே அதுலேருந்து வந்தது."

நாச்சம்மை அவளை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், ஆறுதலாக, வயதானவர்களிடம் சிரிப்பது போல. "அதெப்படிக்கா. நீங்க டயர்டா இருக்கீங்க. பச்சை வர்றதுக்கு முந்தியே எறக்கிட்டீங்களோ என்னமோ. அரைவேக்காட்டுல எங்க முழுசா வரும்? திங்கக்கெழமை நானே ஒரு தடவை போட்டுத் தரேன், இப்ப சார் வெயிட் பண்றாரு, கையெழுத்தைப் போடுங்க."

இந்த நிலையத்தில் இந்த வார்த்தைகளை முதலில் சொன்னவள் யார் என்று நாச்சம்மைக்குத் தெரியாது, அது சாரிடமிருந்து பரவி எப்போதோ எல்லார் வாயிலும் பழகிவிட்ட பேச்சு. வெளியூர் ஆய்வகத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு இது காதில் விழுந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று செசிலிக்கு இப்போது தெரிந்தது. சுவரில் இருந்த உள்தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து, எழுதாத பேனா என்று காலையில் சொன்ன அதே பேனாவால் ஆறு எண்களையும் எழுதினாள், மூன்றாவது குடுவைக்கு நேரே கெட்டது என்று எழுதினாள், கீழே எஸ். செசிலி. பிறகு ஜன்னலில் இருந்த டம்ளரிலிருந்து பேனாக்களை உருவிப் போட்டுவிட்டு, துணியால் துடைத்து, நாற்பத்தேழை நீலக் கோடுவரை நிரப்பி, ஒரு தட்டுத் தட்டிச் சமன்படுத்தினாள். கோட்டுப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இது அஞ்சு கிராம். நூறு உளுந்து. எண்ணி வச்சிருக்கேன்." அதையும் டம்ளரில் கொட்டினாள். கோட்டுக்கு மேலே அரை விரல்கடை ஏறி நின்றது. "பழையபடி இதுவரைக்கும் போடணும். இங்க புதுசா கோடு போட்டுத் தரேன். எறங்கின களைப்பு இருக்கும், ஆனாலும் நாளைக்கே ஏறிரு."

நாச்சம்மை டம்ளரை வாங்கினாள். கோட்டுக்கும் உளுந்தின் மட்டத்துக்கும் நடுவே இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். தொலைபேசி நின்றுவிட்டது. ஜீப் ஹாரன் ஒருமுறை கேட்டது, மறுபடி கேட்டது. அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். தராசுப் பையின் ஜிப்பைத் திறந்து பிள்ளைகளின் எடை நோட்டை எடுத்து, ஏழு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் தேடிப் போய் அங்கிருந்து ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. எந்தப் பெயரில் வந்து நிற்பாள் என்று செசிலிக்குத் தெரியும். கோடு போடுகிற பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.